‘உம்மிடத்துள்ள குறை யாது?’

உத்தியோகம் வேண்டி விண்ணப்பித்த ஒருவரை எதிரே இருத்தி, அவருடைய கல்வியையும் பயிற்சியையும் ஒழுக்கத்தையும் வினாவி அறிதற்கு நேர்முகப் பரீட்சை என்று பெயர். இப்பரீட்சையிலே கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று ஏனையவற்றினும் வேறாயது. ‘நீர் யாது கற்றீர்?’ என்பதற்குச் சான்றுப்பத்திரம் விடை கூறும். ‘எங்கே கடமை பார்த்தீர்?’ என்பதற்கு முன்னை அதிபரின் கடிதம் விடை கூறும். ‘உம்மிடத்துள்ள குறை யாது?’ என்பதற்கோ அவர் வாயன்றி விடை கூறுவது பிறிதொன்றில்லை. வங்கிகளிலும் கம்பனிகளிலும் மாத்திரமன்றி, இக்காலத்தே வித்தியாசாலைகளிலும் இவ்வினா கேட்கப்படுகின்றது. இதற்கு மெய்யே உரைத்தல் வேண்டுமா? உரைத்தாற் கேடு வருமாயின் மறைத்தல் தகுமா? ஆசிரியராகிய நாம் நம் மாணாக்கருக்கு எதனைக் கற்பித்தல் வேண்டும்? இவற்றை இங்கே சிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. எம்மிடம் கற்றுப் பின்னர்ப் பட்டமும் பெற்ற இளைஞர் ஒருவர், சென்ற தவணையிலே, ஒரு வித்தியாசாலையில் வெற்றிடமாயிருந்த ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். பரீட்சைக்கு முதனாள் மாலை எம் வீட்டுக்கு வந்து, கையிலிருந்த ஒரு தாளைக் காட்டி, “ஐயா, இதிலுள்ளவற்றைச் சொன்னாற் போதுமா?” என்று கேட்டார். உத்தியோகப் பயிற்சி வகுப்பொன்றிலே கொடுக்கப்பட்ட மாதிரி விடைகள் அத்தாளில் இருந்தன. குறை யாது என்று வினவினால், ‘அளவுக்கு மிஞ்சி உழைத்தலே என் குறை’ என்க; அன்றேல், ‘எடுத்த கருமம் பிழையற முடியுமளவும் எனக்கு உறக்கம் வருவதில்லை’ என்க; அன்றேல், ‘பிறர் உதவி கேட்டால் மறுக்க அறியேன்’ என்க. இவையே அதன் உபதேசம். யாம் அதனை வாங்கி மடித்து வைத்து, “உம்மிடம் உள்ளதை உள்ளபடி சொல்லும்” என்றோம்.

அவர் அவ்வாறே செய்தார். “பிள்ளைகளுக்கு ஒன்றை இரண்டாம் முறை விளக்கும்போது எனக்குப் பொறுமை குறைகின்றது; குரல் உயர்ந்துவிடுகின்றது. பயிற்சிக் காலத்திலே அதனால் ஒரு பிள்ளை அழுதது. இப்போது குரல் உயர்வதை உணர்ந்தவுடன் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருக்கப் பழகுகின்றேன், இன்னும் முழுவதும் வெல்லவில்லை” என்று சபையாருக்குக் கூறினார். சபையாருள் ஒருவர் அதனைக் குறித்துக்கொண்டார். பதவி மற்றொருவருக்குக் கிடைத்தது. அம்மற்றொருவர், அத்தாளிலிருந்த முதல் விடையையே தாம் கூறியதாகப் பின்னர் நண்பர்களிடத்தே சொன்னார்.

எம் மாணாக்கருக்குப் பதவி கிடையாமைக்கு அவர் கூறிய விடையே காரணம் என்று துணிந்து சொல்ல எம்மால் இயலாது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் அவர் அவ்வாறே எண்ணினார். யாமும் அவ்வாறே அஞ்சினோம். தகப்பனில்லாத அவ்வீட்டிலே தங்கையர் இருவரின் கல்வி அவர் சம்பளத்தை எதிர்நோக்கியிருந்தது. அதனை அவர் எடுத்துரைக்கவில்லை. எம்மைக் குறை கூறவுமில்லை. “ஐயா, அடுத்தமுறை நான் எதைச் சொல்ல?” என்று மாத்திரம் கேட்டார். அன்று யாம் விடை கூறவில்லை. மெய் சொல் என்று பிறர்க்கு உபதேசிப்பது எளிது. அதனால் வரும் நட்டத்தைத் தாங்குபவர் உபதேசித்தவர் அல்லரே.

மாதிரி விடையைச் சொல்லுதல் தகும் என்பார் கூறும் நியாயங்களை முதலிலே நடுநின்று நோக்குவாம்.

‘அது பொய்யன்று, ஒரு மரபு, கேட்பவரும் நம்புவதில்லை, சொல்பவரும் நம்பப்படுவோமென்று எண்ணுவதில்லை’ என்பது ஒரு நியாயம். தமிழ்ப் புலவருக்கு அவையடக்கம் என்று ஒரு வழக்கு உண்டன்றோ? சேக்கிழாரும் கம்பரும் தம் காப்பியங்களின் தொடக்கத்திலே தம் சிறுமையைக் கூறினர். அவர்களைப் பொய்யர் என்று கூறுவார் எவருமிலர். அஃதேல், உத்தியோகம் வேண்டுவோர் கூறும் மரபுரையும் அத்தகையதே என்பர். இரண்டும் ஒன்றல்ல என்க. என்னை? அவையடக்கம் கூறிய புலவர் அடுத்த கணமே தம் நூலை அவையின் முன் வைக்கின்றார். கேட்போர் அவர் உரைத்த பணிவைக்கொண்டு அவரை அளப்பதில்லை, நூலைக்கொண்டு அளக்கின்றனர். நேர்முகப் பரீட்சையிலோ சபையார் கையில் இருப்பது விண்ணப்பகாரரின் சொல்லே. அன்றியும், அவையடக்கம் தன்னைத் தாழ்த்துதலாகவே நிற்கும். ‘அளவுக்கு மிஞ்சி உழைத்தலே என் குறை’ என்பதோ தாழ்மையின் ஆடையை உடுத்துக்கொண்டு வரும் தற்புகழ்ச்சி. அதிலே பொய்யும் உண்டு. பணிவைப் பழிக்கும் குற்றமும் உண்டு. பணிவு போலத் தோன்றும் இத்தகைய தற்புகழ்ச்சியை அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர் சிலர் பரிசோதித்து, வெளிப்படையாகத் தன்னைப் புகழ்பவரிலும் இவ்வாறு மறைமுகமாகப் புகழ்பவரையே கேட்போர் குறைவாக விரும்புகின்றனர் என்று 2018ஆம் வருஷத்திலே வெளியிட்டனர். ஆயினும், மெய்யுரைத்தல் இலாபமானது என்று கூறி யாம் எம் வழக்கை வெல்ல விரும்பவில்லை. மெய் எப்போதும் இலாபம் தருவதாயின், அதனைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டா; வியாபாரிகளே போதும்.

‘குற்றமற்ற நன்மையைத் தருமாயிற் பொய்யும் மெய்யின் ஸ்தானத்தைப் பெறும் என்று திருவள்ளுவரே வாய்மை அதிகாரத்திற் கூறினாரன்றோ? தங்கையரைக் கற்பித்தல் நன்மையன்றோ?’ என்பது இரண்டாவது நியாயம். இது வலிய நியாயம்; எம் மாணாக்கரின் வீட்டை நினைக்குந்தோறும் எம்மைத் தடுமாறச் செய்தது. ஆனால், அங்கே நன்மை என்பதனோடு குற்றமற்றது என்னும் அடையும் இருக்கின்றது. இப்பொய்யினால் வரும் நன்மை குற்றமற்றதா? பதவி ஒன்று, விண்ணப்பகாரர் பலர். பொய் சொல்லிப் பெற்றவர், மெய் சொன்ன ஒருவரிடமிருந்து அதனைப் பெற்றார். அம்மெய் சொன்னவர் வீட்டிலும் தங்கையர் இருத்தல் கூடும். இஃதொன்று. மறைக்கப்பட்ட குறையின் பயனை அனுபவிப்பவர் யார் என்பது மற்றொன்று. இதனை நூல்களினின்றும் காட்டுதலினும், எம் சொந்த வாழ்க்கையினின்றும் காட்டுதலே நேர்மையாகும்.

ஏறக்குறைய முப்பது வருஷங்களுக்கு முன், எம் முதற் பதவியின் பொருட்டு யாம் ஒரு சபையின் முன் இருந்தோம். யாம் மிஷன் கல்லூரியொன்றிலே கற்றவர். கேட்ட வினாவுக்குத் தயங்காது விடையிறுக்கும் பழக்கம் அங்கே எமக்கு உண்டாயிற்று. அது நல்ல பழக்கமே. எம் குறை யாது என்று அவர்கள் வினவியபோது, ‘வேலையிலே ஆழ்ந்துவிட்டால் நேரத்தை மறந்துவிடுவேன்’ என்றோம். சபையார் முகம் மலர்ந்தனர், பதவியும் கிடைத்தது. அது பொய். எம் உண்மைக் குறை யாதென்பது அன்றைக்கே எமக்குத் தெரியும். விரைந்து விடை சொல்லும் பிள்ளைகளோடு பாடத்தை நடத்திக்கொண்டு போய், மெல்லக் கற்பவரைப் பின்வாங்கிலே விட்டுவிடுதல் எம் வழக்கம். பயிற்சிக் காலத்திலே எம் பாடத்தைப் பார்வையிட்ட பெரியவர் ஒருவர் பாடக்குறிப்பின் ஓரத்தில் அதனை எழுதியும் இருந்தார்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கடையிலே கொப்பிகள் வாங்கச் சென்றோம். கடைக்காரர் எம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். பணம் வாங்க மறுத்தார். ஒன்பதாம் வகுப்பில் எம்மிடம் கற்று, அதனோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். அவர் பெயர் எமக்கு நினைவில் வரவில்லை. எம் தடுமாற்றத்தைக் கண்டு அவர் சிரித்து, “ஐயாவுக்கு என்னைத் தெரியாதுதான். அந்த வருஷத்தில் ஒரு நாளாவது என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்” என்றார். சினந்து சொன்னாரல்லர். கொப்பிகளைக் கடுதாசியிற் சுற்றி எம் கையிலே தந்தார்.

அன்று சபையின் முன் எம் குறையைச் சொல்லியிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? ‘அதற்கு நீர் யாது செய்கின்றீர்?’ என்று ஒருவர் கேட்டிருக்கலாம். முதல் வருஷத்திலே மூத்த ஆசிரியர் ஒருவரை எம் வகுப்பின் பின்னே இருத்தியிருக்கலாம். பதவி தர மறுத்தும் இருக்கலாம். எது நிகழ்ந்திருப்பினும் அக்குறை ஒரு பெயரைப் பெற்று எம் முன்னே நின்றிருக்கும். மறைத்தமையால் அது நீங்கியதா? இல்லை, மறந்துபோயிற்று. யாம் கூறிய பொய்யைச் சபையார் நம்பினரோ இல்லையோ, யாம் நம்பினோம். நேரத்தை மறந்து உழைப்பவர் என்றே எம்மை நெடுங்காலம் எண்ணிக்கொண்டோம். அவ்வெண்ணத்தின் விலையைச் செலுத்தியவர் பின்வாங்கிலிருந்த பிள்ளைகள்.

ஆணவமலம் ஏனைப் பொருள்களை மறைப்பதோடு நில்லாது தன்னையும் மறைத்து நிற்கும் என்பது சைவசித்தாந்தம் கற்றார் அறிந்தது. இருளிலே கிடக்கும் பொருள் தெரியாவிடினும், இருள் இருக்கின்றது என்பதாவது கண்ணுக்குத் தெரியும். ஆணவமோ தான் இருப்பதனையும் அறியவிடாது. இக்கருத்தினை நாம் மேடையிலே விளக்குவோம், பரீட்சையிலே எழுதுவோம், எம் பாடக்குறிப்பின் ஓரத்திலே எழுதப்பட்டிருந்ததை மாத்திரம் யாம் காணவில்லை. ஜஸ்ரின் குறூகர், டேவிட் டனிங் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1999ஆம் வருஷத்திலே வெளியிட்ட ஆராய்ச்சியும் இதனோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கது. இலக்கணம், தர்க்கம் முதலியவற்றிற் பரீட்சிக்கப்பட்டவர்களுள் மிகக் குறைந்த புள்ளி பெற்றவரே தம் திறமையை மிகுதியும் கூட்டி மதித்தனர் என்று அவர்கள் கண்டனர். குறையுடைமை வேறு, குறையறியாமை வேறு. ஆயினும் பின்னது முன்னதன் நிழலிலே வளர்கின்றது.

கடைக்காரர் கூறிய அந்த நாளின் பின்னரே, அதுவரை எம் உயர்தர வகுப்பாருக்கு யாமே எழுதிப் படியெடுத்து வழங்கிவந்த மாதிரி விடைத் தாளை நிறுத்தினோம். ஆம், எம் மாணாக்கர் அன்று மாலை கொண்டுவந்த தாள் எமக்குப் புதியதன்று. அத்தகைய தாள்கள் ஊரெங்கும் பரவுதற்குத் துணைசெய்தவருள் யாமும் ஒருவர்.

இனி, மூன்றாவது நியாயம் ஒன்று உண்டு. ‘மெய் சொன்னவரைத் தண்டித்துப் பொய் சொன்னவருக்குப் பதவி கொடுக்கும் சபையின் முன் மெய் சொல்லுதல் அறிவீனம் அன்றோ?’ என்பது அது. இது விண்ணப்பகாரரை நோக்கி எழுந்த வினாவன்று. சபையாரை நோக்கி எழுந்த வினா. நம்முள்ளே அதிபர்களாயும், அபிவிருத்திச் சங்க அங்கத்தவர்களாயும், பரீட்சிக்கும் சபைகளிலே இருப்பவர்களாயும் பலர் உளர். ஆதலின் மேசையின் இப்பக்கத்தையும் நோக்குதல் கடமையாகும்.

திருக்குறளின் ஐம்பத்தோராம் அதிகாரமாகிய தெரிந்து தெளிதல், வினைசெய்தற்கு ஒருவரைத் தேர்ந்துகொள்ளும் முறையையே கூறுவது. அரிய நூல்களைக் கற்றுக் குற்றமற்றவர் எனப்பட்டாரிடத்தும் நுணுகி நோக்கினால் அறியாமை சிறிதும் இல்லாதிருத்தல் அரிது என்று அது முன்னரே எச்சரிக்கின்றது. பின்னர், ஒருவருடைய நற்குணங்களையும் ஆராய்க, குற்றங்களையும் ஆராய்க, இரண்டிலும் மிகுந்து நிற்பது எது என்று கண்டு அதனாலே துணிக என்கின்றது. இவ்வளவுகோலைக் கையிற் கொண்ட சபை, குறை கூறியவரைக் கண்டு திடுக்கிடாது. குறையில்லாதவரை அது எதிர்பார்க்கவில்லை. ‘இக்குறையோடு கூடிய இவர், தம் குணங்களால் இவ்வேலைக்கு ஆவாரா?’ என்பதே அதன் வினா. குறையைக் கேட்டுவிட்டு, கேட்ட குறையைக்கொண்டே ஒருவரைத் தள்ளும் சபை, அடுத்த விண்ணப்பகாரருக்குப் பொய்யைப் போதிக்கின்றது. அதனினும், அவ்வினாவைக் கேளாதிருத்தல் நன்று.

நம் ஊர்ச் சரித்திரத்திலே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கே ஆசிரியராயும் இருந்தவர். பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பிலே துணைசெய்தவர். பாதிரியார் கண்கொண்டு நோக்கினால், நாவலர் கிறிஸ்தவரல்லாமை ஒரு பெருங்குறையே. அதனை நாவலர் மறைத்தாரல்லர். 1847ஆம் வருஷ முடிவிலே, இன்னும் அப்பாடசாலையில் இருக்கும்போதே, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே சைவப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பாதிரியாரும் அதனை அறியாதவரல்லர். தமக்கு வேண்டிய தமிழ்ப்புலமையை அதனோடு வைத்து எடைபோட்டார். இருவழியும் மறைவில்லாமையால், 1848ஆம் வருஷத்திலே நாவலர் அப்பதவியை விட்டு நீங்கி வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, அவர் ஒருவரையும் வஞ்சித்துச் சென்றார் என்று சொல்லுதற்கு இடமில்லாதுபோயிற்று. சமயத்தில் எதிர்நின்ற இருவர் இத்துணை வெளிப்படையாய் ஒரு மேசையிலிருந்து வேலை செய்தனர் என்பதை, நம்மவர் சபைகள் நினைத்தல் நன்று.

மெய் சொல்லிப் பதவி இழந்தவருக்கும் ஓர் உதாரணம் கூறுவாம். காந்தியடிகள் 1891ஆம் வருஷத்திலே பரிஸ்தராய் இங்கிலாந்திலிருந்து மீண்டு, பம்பாயிலே வருவாயின்றி இருந்தபோது, ஓர் உயர்தரப் பாடசாலைக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் வேண்டும், சம்பளம் 75 ரூபா என்ற விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்தார். நேரிலே அழைக்கப்பட்டார். பட்டதாரியல்லர் என்று அறிந்ததும் அதிபர் வருத்தத்தோடு மறுத்துவிட்டார். அக்காலத்திலேயே, தம் முதல் வழக்கின்பொருட்டு நீதிமன்றத்தில் எழுந்து நின்றவர், தலைசுழன்று ஒரு வினாவும் கேட்க இயலாதவராய் அமர்ந்து, வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறொருவரை அமர்த்துமாறு கூறினார். இவையெல்லாம் பிறர் தூற்றியவை அல்ல. அவர் தாமே தம் சுயசரிதத்தில் எழுதியவை. அச்சரிதம் ‘நவஜீவன்’ பத்திரிகையிலே பகுதி பகுதியாய் வெளிவந்துகொண்டிருந்த காலத்திலே, 1927ஆம் வருஷ நவம்பரில், அவர் யாழ்ப்பாணம் வந்தார். நாவெழாது அமர்ந்த அதே மனிதரின் சொல்லைக் கேட்க நம் முன்னோர் திரண்டனர். குறையைச் சொன்னவர் எல்லாரும் காந்தியாவர் என்று யாம் கூறவில்லை. பேச இயலாமையை மறைத்து அடுத்த வழக்கையும் வாங்கியிருந்தால், நட்டம் கட்சிக்காரருக்கு என்பதையே கூறுகின்றோம்.

இனி, மெய் சொல்லுதல் என்பது யாது, எவ்வளவு என்பதை வரையறுத்தல் வேண்டும். உள்ளதெல்லாம் கொட்டுதல் மெய்யன்று. நோய், குடும்பக் கடன், வீட்டுத் துன்பம் முதலியன வேலையைத் தொடாதவழி, அவற்றைச் சபைக்குக் கூறும் கடமை எவருக்குமில்லை. சொல்லாதிருத்தல் வேறு, பொய் சொல்லுதல் வேறு. வேலையைத் தொடும் குறையோ, அதிலும் நம் கீழ் வருவாரைத் தொடும் குறையோ எனின், வினவப்பட்டவிடத்து அதனை மறைத்தல் ஆகாது. திருத்த முயலாத குறையாயின், அதனை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தலே ஆகாது.

இதற்கு மறுதலையான மிகையும் ஒன்றுண்டு. அப்பரும் மணிவாசகரும் இறைவன் முன் தம்மை இழித்துக் கூறியதைப் படித்து உருகும் நம்மவர் சிலர், சபையின் முன்னும் ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்கின்றனர். பரீட்சிக்கும் சபை கடவுட் சந்நிதியன்று. அங்கே வேண்டப்படுவது உருக்கமன்று, செய்தி. தன்னைப் புகழ்தல் தகுதியன்று என்ற பவணந்தி முனிவர், நன்னூற் பாயிரத்திலே நான்கு இடங்களில் அது தகும் என்று விலக்கும் கூறினார்: அரசவைக்கு ஓலை வரையும்போது, தன் ஆற்றலை அறியாதாரிடத்து, சபையிலே வாது வெல்லவேண்டியவழி, எதிரி தன்னைப் பழித்தவழி. முதலிரண்டும் இக்காலத்து விண்ணப்பத்துக்கும் நேர்முகப் பரீட்சைக்கும் எவ்வளவு பொருந்துகின்றன! ஆதலின் குணம் கேட்டவழிக் குணத்தை நாணாது கூறுக. குறை கேட்டவழிக் குறையைக் கூறுக. ஒன்றன் ஸ்தானத்தில் மற்றொன்றை வைத்தலே குற்றம்.

குறையைக் கூறுதற்குச் சொல்லும் அந்நூலிலேயே உண்டு. ஆசிரியராகாதாருக்குக் கூறிய உவமைகளை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். கழற்சிக்காய் இட்ட குடம், இட்ட முறையிலன்றித் தோன்றியபடி உருண்டு வெளிவரும்; அது முறைபிறழக் கற்பிப்பவர். மடல்சூழ்ந்த பனை, தானே பழத்தை வீழ்த்தினாலன்றி ஏறிப் பறிக்க இடங்கொடாது. அது பிள்ளைகள் அணுக அஞ்சும் ஆசிரியர். பஞ்சடைத்த குண்டிகை சிறிது சிறிதாகவே வாங்கும், சிறிது சிறிதாகவே தரும். முடத்தெங்கு, நீர் வார்த்தவர் வளவை விட்டு அயல் வளவிலே காய்களை வீழ்த்தும். ஆசிரியர்களே, இவற்றுள் நாம் யார் என்று நம்மை நாமே எப்போதாவது வினவியதுண்டா? எம் மாணாக்கர் தாம் மடற்பனை என்பதை இருபத்தைந்து வயதிற்குள் அறிந்தார். யாம் முடத்தெங்கு என்பதை அறிய எமக்கு ஐம்பது வயது ஆயிற்று.

அறிதற்கு வழி யாது? மிஷன் கல்லூரியில் யாம் கற்றவற்றுள் ஒன்று, அமெரிக்கராகிய பெஞ்சமின் பிராங்கிளினின் சுயசரிதம். அவர் பதின்மூன்று நற்குணங்களைத் தெரிந்து, ஒரு சிறு புஸ்தகத்திலே வார நாள்களுக்குக் கட்டமிட்டு, தவறியபோதெல்லாம் கரும்புள்ளி இட்டுவந்தார். தாம் நினைத்ததிலும் மிகுதியான குறைகள் தம்மிடம் உள்ளன என்று கண்டு வியந்ததாக எழுதினார். ஒழுங்கு என்னும் குணம் அவருக்கு இறுதிவரை வசப்படவில்லை; அதனையும் எழுதினார். ‘என் குறை இது, இன்ன இடத்திலே இது வெளிப்பட்டது, இதற்கு இது செய்கின்றேன், இன்னும் இவ்வளவு எஞ்சியிருக்கின்றது’ என்னும் நான்கு வாக்கியங்களில் நேர்மையான விடை முடிந்துவிடும். அந்நான்கையும் பரீட்சைக்கு முதனாள் மாலையில் ஒருவர் ஆயத்தம் செய்தல் இயலாது. பல மாதங்கள் புள்ளியிட்டு வந்தவருக்கே அவை உண்மையாய் வரும்.

இவற்றையெல்லாம் எண்ணிய பின்னர் எம் மாணாக்கரை அழைத்தோம். “நீர் சொன்னதையே அடுத்தமுறையும் சொல்லும். அதனால் உத்தியோகம் கிடைக்கும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். முதன்முறை அதனைச் சொல்லாமலே உம்மை அனுப்பினேன், அது என் பிழை” என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “பழகுகின்றேன் என்று அவர்களுக்குச் சொன்னேன், ஐயா. பழகுவதற்கு எனக்கு வகுப்பு இல்லையே” என்றார்.

அந்தச் சொல்லே எமக்கு வழி காட்டிற்று. இப்போது சனிக்கிழமைகளிலே எம் வளவுக் கொட்டிலிற் கீழ்வகுப்புப் பிள்ளைகள் பன்னிருவருக்கு அவர் கணிதம் கற்பிக்கின்றார். யாம் பின்னே இருந்து, குரல் உயரும்போதெல்லாம் ஒரு தாளிலே கோடு இடுகின்றோம். அடுத்த மணிக்குத் தமிழ்ப்பாடம் எம்முடையது. அப்போது அவர் பின்னே இருந்து, எந்தப் பிள்ளையிடம் யாம் எத்தனை வினாக் கேட்டோம் என்று பெயருக்கு நேரே குறிக்கின்றார். முதற் சனிக்கிழமை அவர் தந்த தாளிலே நான்கு பெயர்களுக்கு நேரே ஒன்றும் இருக்கவில்லை. சென்ற கிழமை அது ஒன்றாயிற்று. இதனை எழுதும் இந்நாள்வரை அவருக்கு உத்தியோகம் கிடைத்திலது. மற்றொரு விண்ணப்பம் அனுப்பியிருக்கின்றார்.

ஆசிரிய நண்பர்களே, உயர்தர வகுப்பை முடித்து வெளியேறும் பிள்ளைகள் இவ்வாண்டும் நம்மிடம் வந்து, குறை கேட்டால் யாது சொல்வது என்று கேட்பர். அவர்களுக்குத் தாள் கொடாது, ஒரு கொப்பி கொடுங்கள். சபைகளிலே இருக்கும் நண்பர்களே, மெய் சொன்ன ஒருவர் உங்கள் முன் வந்தால், ‘அதற்கு நீர் யாது செய்கின்றீர்?’ என்று கேட்டு, அவ்விடையையும் கேட்ட பின்னர்ப் புள்ளியிடுங்கள். இவ்விரண்டும் நம் கையிலேயே இருக்கின்றன.